தராசைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகள்: பேர்க்லியில் பௌதிகவியலும் கல்வியியலும் ஒரே மேசையில் இருந்த காலம்

எங்கட கலைப்பீடத்தில் விழிப்புலனற்ற நண்பர்கள் படிக்கிறார்கள். விரிவுரையை ஒலிப்பதிவு செய்து கேட்டு, பிறெயிலில் குறிப்பெடுத்து, எங்களில் பலரைவிட நல்ல பெறுபேறு எடுக்கிறவர்கள் அவர்கள். ஏன் கலைத்துறையைத் தெரிவு செய்தீர்கள் எண்டு கேட்டால், "தெரிவு செய்ய வேறு என்ன இருந்தது?" எண்டு திருப்பிக் கேட்பார்கள். எங்கட நாட்டில் பார்வையற்ற ஒரு பிள்ளை உயர்தரத்துக்குப் போகும்போது பெரும்பாலும் ஒரே ஒரு கதவுதான் திறந்திருக்கிறது. விஞ்ஞானம் கண்ணால் பார்த்துச் செய்ய வேண்டிய பாடம், ஆகவே அது அவர்களுக்கு இல்லை என்பது எல்லோரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட ஒரு விஷயம்.

இது எங்கட நாட்டுக்கு மட்டும் உரிய கதை இல்லை. அமெரிக்காவில் ஆபிரகாம் நெமெத் என்று ஒருவர் இருந்தார். 1918இல் நியூயோர்க்கில் பிறந்தவர், பிறவியிலேயே பார்வையற்றவர், கணிதத்தில் பெரும் விருப்பம் கொண்டவர். பார்வையில்லாத ஆளுக்குக் கணிதம் சரிவராது என்று ஆலோசகர்கள் அவரை உளவியல் பக்கம் தள்ளிவிட்டார்கள். அவர் உளவியலில் முதுமாணிப் பட்டம் எடுத்தார், அதற்கேற்ற வேலை கிடைக்கவில்லை, பிறகு கணிதத்துக்கே திரும்பினார். கணிதக் குறியீடுகளைப் பிறெயிலில் எழுதும் முறையொன்றைத் தானே உருவாக்கினார். 1952இல் வெளியான அந்த முறைக்கு இன்றும் அவருடைய பெயர்தான். பின்னர் டெட்ரொயிட் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார்.

நெமெத் ஒரு தனி மனிதர், அசாதாரணமான கெட்டிக்காரர். அப்படிப்பட்ட ஒருவர் எல்லாத் தடைகளையும் தாண்டி வந்தார் என்ற கதையைச் சொல்லிவிட்டுக் கைதட்டுவது சுலபம். சாதாரணக் கெட்டித்தனம் உள்ள ஒரு பார்வையற்ற பிள்ளை, சாதாரணப் பள்ளிக்கூடத்தில், சாதாரண ரீச்சர் ஒருவரிடம் விஞ்ஞானம் படிப்பதற்கு என்ன தேவை என்பதுதான் கடினமான கேள்வி. அந்தக் கேள்வியை எடுத்து வேலை செய்த ஓர் இடத்தைப் பற்றியே இங்கே எழுதுகிறோம். இடம் கலிபோர்னியாவின் பேர்க்லி. காலம் ஏறக்குறைய 1958 தொடக்கம் 1982 வரை.

1957 ஒக்டோபர் 4ஆம் திகதி சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அமெரிக்கா பதறிப்போனது. எங்கட பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானம் சரியாகப் படிப்பிக்கப்படவில்லை என்ற கூச்சல் கிளம்பி, பணம் கொட்டத் தொடங்கியது. பல்கலைக்கழக விஞ்ஞானிகள் பள்ளிப் பாடத்திட்டங்களை எழுத வந்தார்கள். அவர்களில் பலருடைய நோக்கம் நாளைய விஞ்ஞானிகளைப் பொறுக்கி எடுப்பது. எல்லாப் பிள்ளைகளும் என்பது அப்போது பெரிதாக யாருடைய நினைப்பிலும் இருக்கவில்லை.

அந்த அலையில் வந்தவர்தான் ரொபேர்ட் கார்ப்ளஸ். 1927இல் வியன்னாவில் பிறந்த யூதர். 1938இல் நாசிகள் ஒஸ்ரியாவைப் பிடித்தபோது குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்கா போனவர். (2013இல் இரசாயனவியல் நோபல் பரிசு பெற்ற மார்ட்டின் கார்ப்ளஸ் இவருடைய தம்பி.) இருபத்தொரு வயதில் ஹாவர்ட்டில் கலாநிதிப் பட்டம். 1950இல் நோர்மன் குரோலுடன் சேர்ந்து இலத்திரனின் காந்தத்தன்மை பற்றி அவர் செய்த கணிப்பு அந்தத் துறையில் பேசப்பட்ட ஒன்று. 1954இல் பேர்க்லிக்கு வந்தார். கோட்பாட்டுப் பௌதிகவியலில் இன்னும் முப்பது வருடம் நிம்மதியாக இருந்திருக்கலாம்.

1950களின் இறுதியில் அவருடைய மகளின் வகுப்பில் ஒரு விஞ்ஞானப் பாடம் நடத்தும்படி கேட்கப்பட்டது. சின்னப் பிள்ளைகளின் ஆரம்ப வகுப்பு. நிலைமின்சாரத்தை உண்டாக்குகிற, கைபிடியைச் சுற்றினால் பொறி பறக்கிற ஓர் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார். பிள்ளைகள் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் தான் விளக்கியதில் எது அவர்களுக்குள் போனது என்ற கேள்வி அவரை விடவில்லை. திரும்பத் திரும்ப வகுப்பறைகளுக்குப் போகத் தொடங்கினார். இலத்திரனைப் பற்றித் தெரிந்திருப்பதும் ஏழு வயதுப் பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று தெரிந்திருப்பதும் இரண்டு வேறு அறிவுகள் என்பது அவருக்குப் பிடிபட்டது. பிறகு ஜீன் பியாஜேயின் ஆய்வுகளைத் தேடிப் படித்தார். 1962இல் கல்வியியலாளர் மைரன் அட்கினுடன் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். பின்னாளில் 'கற்றல் வட்டம்' என்று பெயர் பெற்ற கருத்தின் தொடக்கம் அது: பிள்ளை முதலில் பொருட்களைத் தொட்டு, உருட்டி, தானே தேடிப் பார்க்கட்டும், பிறகுதான் ரீச்சர் கருத்தையும் அதன் பெயரையும் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு பிள்ளை அந்தக் கருத்தைப் புது இடங்களில் பொருத்திப் பார்க்கும்.

எங்கட பள்ளிக்கூடங்களில் இது தலைகீழாகத்தான் நடந்தது. முதலில் வரைவிலக்கணம், பிறகு படம், நேரம் மிஞ்சினால் செய்முறை. மிஞ்சாது தானே.

அந்த 1962 காலப்பகுதியில் தேசிய விஞ்ஞான மன்றத்தின் நிதியோடு கார்ப்ளஸ் தொடங்கியது ஆரம்ப வகுப்புகளுக்கான விஞ்ஞானப் பாடத்திட்ட மேம்பாட்டு ஆய்வு. ஸிஸ் என்பது அதன் சுருக்கப் பெயர். அதில் அவரோடு தோள்கொடுத்து நின்றவர் ஹேர்பட் தியர், கல்வித்துறையிலிருந்து வந்தவர். இந்தச் சோடி முக்கியம். ஒருவர் பாடத்தைப் பார்த்தார், மற்றவர் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பொருட்பெட்டியை அனுப்பிவிட்டால் போதும், மிச்சம் தானாக நடக்கும் என்று அவர்கள் நம்பவில்லை. நாட்டின் வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் பரீட்சார்த்த நிலையங்களை அமைத்து, அங்கேயுள்ள ஆசிரியர்களோடு சேர்ந்து பாடங்களைத் திருத்தினார்கள். 1968இல் பேர்க்லிக் குன்றின் மேல் லோரன்ஸ் விஞ்ஞான மண்டபம் திறக்கப்பட்டது. விஞ்ஞானிகளும் கல்வியியலாளர்களும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்ய ஓர் இடம் கிடைத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் பௌதிகவியலாளர் பிரெடெரிக் ரைவ் முதலியோரின் முயற்சியில், விஞ்ஞான, கணிதக் கல்வியில் பட்டப்பின் ஆய்வு செய்வதற்கான குழுவொன்றும் பேர்க்லியில் உருவானது. ஒரே துறைக்குள் அடைபடாமல், விஞ்ஞானத் துறைகளும் கல்வியியலும் சேர்ந்து நடத்திய குழு அது. சீசாமி என்று அழைத்தார்கள்.

கம்பஸில் இருக்கிறவர்களுக்கு இது எவ்வளவு அரிதான விஷயம் எண்டு சொல்லத் தேவையில்லை. இரண்டு பீடங்கள் சேர்ந்து ஒரு விளையாட்டுப் போட்டி நடத்துவதற்கே எத்தனை கடிதம் போக வேண்டும்!

ஆனாலும் ஸிஸ் பாடங்களில் ஓர் ஓட்டை இருந்தது. பார்க்கிற, கேட்கிற, கை கால் நன்றாக இயங்குகிற பிள்ளையை மனதில் வைத்துத்தான் அவை எழுதப்பட்டிருந்தன. நிறம் மாறுவதைப் பார், அளவுகோலை வாசி, படத்தைக் கவனி என்றுதான் சொல்லின. அதைக் கவனிக்கச் செய்த அழுத்தம் மண்டபத்துக்கு வெளியிலிருந்தும் வந்தது.

பேர்க்லி அப்போது மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தின் தலைநகரம். போலியோவால் கழுத்துக்குக் கீழே இயக்கமில்லாமல் போன எட் ரொபேர்ட்ஸ் 1962இல் அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவருடைய சுவாச இயந்திரத்தைத் தாங்கக்கூடிய விடுதி இல்லாததால் வளாக வைத்தியசாலையின் ஒரு பகுதியில் தங்கிப் படித்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். 1972இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய சுயாதீன வாழ்வு மையம் பிறகு உலகமெங்கும் முன்மாதிரியானது.

அந்த நகரத்துக்கு வந்து சேர்ந்த இன்னொருவர் ஜூடித் ஹியூமன். அவருடைய கதை ஆசிரியர் பயிற்சியோடு நேரடியாகத் தொடர்புடையது. 1947இல் பிறந்தவர், குழந்தையிலேயே போலியோ, சக்கரநாற்காலி. ஐந்து வயதில் அம்மா பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனபோது, சக்கரநாற்காலி தீ அபாயம் என்று சொல்லி அதிபர் திருப்பி அனுப்பினார். வளர்ந்து, படித்து, ஆசிரியர் ஆவதற்கான பரீட்சைகளிலும் சித்தியடைந்தார். 1970இல் நியூயோர்க் கல்விச் சபை மருத்துவப் பரிசோதனையைக் காரணம் காட்டி அவருக்கு ஆசிரியர் அனுமதிப்பத்திரம் மறுத்தது. தீ பிடித்தால் இவர் எப்படிப் பிள்ளைகளைக் காப்பாற்றுவார் என்பதுதான் அவர்களுடைய கவலையாம். வழக்குப் போட்டார். வழக்கு, அமெரிக்காவின் முதலாவது கறுப்பினப் பெண் கூட்டாட்சி நீதிபதியான கொன்ஸ்டன்ஸ் பேக்கர் மொட்லியிடம் வந்தது. மறுபரிசீலனை செய்யுங்கள் என்று நீதிபதி அழுத்திச் சொன்னதும் சபை இறங்கி வந்தது. நியூயோர்க்கில் சக்கரநாற்காலியிலிருந்து படிப்பித்த முதல் ஆசிரியர் ஹியூமன்.

உட்படுத்தல் கல்வி பற்றிப் பேசும்போது நாங்கள் பெரும்பாலும் மாணவர்களைப் பற்றி மட்டும்தான் யோசிக்கிறோம். ஆசிரியர் மேசையில் யார் இருக்கலாம் என்பதும் அதே கேள்விதான். வகுப்பில் ஒருபோதும் மாற்றுத்திறனாளியான ரீச்சரைக் காணாமல் வளர்கிற பிள்ளை அதிலிருந்தும் ஒரு பாடம் படிக்கும்.

1975 நவம்பரில் ஜனாதிபதி போர்ட் கையெழுத்திட்ட சட்டம் ஒவ்வொரு பிள்ளைக்கும், முடிந்தவரை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து, கல்வி கொடுக்க வேண்டும் என்றது. அமெரிக்கா எவ்வளவு பின்னால் நின்றது என்பது அந்தச் சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கிறது: பத்து இலட்சம் பிள்ளைகள் பொதுப் பள்ளிகளுக்கு முற்றாக வெளியே இருக்கிறார்கள் என்று அது ஒப்புக்கொண்டது. அதற்கு முன் 1973இல் வந்த புனர்வாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு, அரச நிதி பெறும் நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக்கூடாது என்றது. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் கையெழுத்துப் போடாமல் வருடக்கணக்கில் இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரல் 5ஆம் திகதி ஹியூமன் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் சான் பிரான்சிஸ்கோவின் அரச அலுவலகம் ஒன்றுக்குள் போய் உட்கார்ந்தார்கள். மூன்று வாரங்களுக்கு மேலாகியும் எழும்பவில்லை. கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் சூடான சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏப்ரல் 28 கையெழுத்து விழுந்தது. ('கிரிப் காம்ப்' ஆவணப்படத்தில் இந்தப் போராட்டத்தின் காட்சிகள் இருக்கின்றன, பார்க்காதவர்கள் பாருங்கோ.)

சட்டம் கதவைத் திறந்தது. பார்வையற்ற பிள்ளை சாதாரண வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தது. அடுத்த பாடம் விஞ்ஞானம். இப்ப ரீச்சர் என்ன செய்வது?

வகுப்பு ரீச்சருக்குப் பாடம் ஓரளவு தெரியும், பிறெயில் தெரியாது. விசேட கல்வி ஆசிரியருக்குப் பிறெயில் தெரியும், பிள்ளையைத் தெரியும், விஞ்ஞானத்தைக் கண்டால் பயம். இவர்கள் இரண்டு பேரும் வெவ்வேறு இடங்களில் பயிற்சி பெற்றவர்கள், ஒருவருடைய புத்தகத்தை மற்றவர் திறந்ததில்லை. பிள்ளை இந்த இரண்டு பயிற்சிகளுக்கும் நடுவில் விழுந்தது. மற்றவர்கள் பரிசோதனை செய்யும்போது பார்வையற்ற பிள்ளைக்குப் பக்கத்திலிருக்கிற நண்பர் கதை சொல்லுவார்: இப்ப நீலமாகுது, இப்ப பொங்குது. அதுதான் அந்தப் பிள்ளையின் விஞ்ஞானப் பாடம்.

லோரன்ஸ் மண்டபத்தில் 1970களின் தொடக்கத்திலேயே தியரின் தலைமையில் ஸிஸ் பாடங்களைப் பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றும் முயற்சி தொடங்கியிருந்தது. 1976இல் அது பெரிய திட்டமானது. பார்வைக் குறைபாடுள்ளோருக்கான விஞ்ஞானச் செயற்பாடுகள், சுருக்கமாக சாவி. (தமிழில் வாசிக்கும்போது பொருத்தமான பெயர்தான்.) லாரி மலோன், லிண்டா டி லூக்கி என்ற இருவர் இதில் பல வருடங்கள் உழைத்தார்கள்.

அவர்கள் செய்த கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முழு விஷயமும் அதற்குள்தான் இருக்கிறது. ஒரு திரவத்தை அளக்க வேண்டும். அளவுச்சாடியில் கோடு பார்த்து வாசிப்பதுதான் வழமை. அவர்கள் மருந்துக்கடைச் சிரிஞ்சை எடுத்து, உள்ளே போய்வரும் தண்டில் அளவுக்கேற்பச் சிறு வெட்டுகள் போட்டார்கள். பிள்ளை தண்டை இழுக்கும்போது விரல்நகத்தில் வெட்டுகள் தட்டுப்படும், எண்ணிக்கொண்டே அளக்கலாம். தராசுக்கு நடுவில், விரலால் தொட்டால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும்படி ஒரு காட்டி வைத்தார்கள். மின்சுற்றுப் பாடத்தில் மின்குமிழ் எரிகிறதா என்று பார்ப்பதற்குப் பதிலாகச் சிறு மோட்டர். சுற்று பூர்த்தியானால் மோட்டர் சுழலும், கையில் அதிரும், சத்தமும் கேட்கும். முளைக்கிற விதையை ஒவ்வொரு நாளும் விரலால் தடவி, வேர் எந்தப் பக்கம் வந்திருக்கிறது என்று பார்த்தார்கள். உயிருள்ள நன்னீர் இறாலைக் கையில் பிடித்தார்கள்.

இதை ஒரு பௌதிகவியலாளர் தனியாகச் செய்திருக்க முடியுமா? சிரிஞ்சில் வெட்டுப் போடலாம், ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையின் விரல் எவ்வளவு சிறிய வெட்டை உணரும், எத்தனை வரை எண்ணிக் களைக்காமல் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. விசேட கல்வி ஆசிரியர் தனியாகச் செய்திருக்க முடியுமா? அவர் கருவியை எளிதாக்குவார். ஆனால் எளிதாக்கும்போது அளவீட்டின் துல்லியம் போய்விட்டால், அது விஞ்ஞானமாக இராமல் விளையாட்டாகிவிடும். மின்குமிழை எடுத்துவிட்டு மோட்டரைப் போட்டாலும் பூர்த்தியான சுற்று என்ற கருத்துக்கு ஒரு குறையும் வராது என்று உறுதியாகச் சொல்ல மின்னியல் தெரிந்த ஆள் வேண்டும். எது பாடத்தின் எலும்பு, எது அதன் உடுப்பு என்று பிரித்தறிவதற்கு இரண்டு அறிவும் ஒரே மேசையில் இருக்க வேண்டியிருந்தது. "விஞ்ஞானம் பார்க்க வேண்டிய பாடம்" என்ற எங்கட நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. பார்ப்பது உடுப்பு மட்டுமே.

பிறகு அவர்கள் இதே பாடங்களை உடல் இயக்கக் குறைபாடுள்ள பிள்ளைகளோடும், கற்றல் சிரமம் உள்ளவர்களோடும், கடைசியில் எந்தக் குறைபாடும் இல்லாதவர்களோடும் செய்து பார்த்தார்கள். இந்த இரண்டாம் கட்டத்துக்கு செல்ப் என்று பெயர். எல்லாருக்கும் பாடம் பிடித்தது. தொட்டு, கேட்டு, எண்ணி அளக்கிற பாடம் கண் தெரிகிற பிள்ளைக்கும் நல்ல பாடம்தான். 1980களின் பிற்பகுதியில் மலோனும் டி லூக்கியும் தொடங்கிய பொஸ் என்ற ஆரம்ப விஞ்ஞானப் பாடத்திட்டம் இந்த வேரிலிருந்து வளர்ந்தது. அமெரிக்காவில் மிகப் பரவலாகப் பயன்படும் ஆரம்ப விஞ்ஞானத் திட்டங்களில் அது ஒன்று. அதைப் படித்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு, தங்கள் கையிலிருக்கும் பாடம் பார்வையற்ற பிள்ளைகளுக்காக யோசிக்கப்பட்ட ஒன்றின் வாரிசு என்று தெரிந்திருக்காது.

வெற்றிக்கதை என்று இதோடு நிறுத்த எங்களுக்கு மனமில்லை. கருவிகளும் பாடங்களும் பரவின. ஆசிரியர் பயிற்சி அதே வேகத்தில் மாறவில்லை. விஞ்ஞான ஆசிரியரும் விசேட கல்வி ஆசிரியரும் வேறு வேறு பாதைகளில் உருவாவது தொடர்ந்தது. பணமும் வற்றியது. ரீகன் நிர்வாகம் 1981, 82 காலத்தில் தேசிய விஞ்ஞான மன்றத்தின் கல்விப் பிரிவை ஏறக்குறைய மூடிவிட்டது. 1982இல் சியாட்டிலில் ஓடிக்கொண்டிருந்தபோது கார்ப்ளஸுக்கு இதயம் நின்றது. உயிர் தப்பினாலும் அவரால் பழையபடி வேலை செய்ய முடியவில்லை. 1990இல் இறந்தார். சில மனிதர்களின் நட்பில் தங்கியிருந்த கூட்டு, அந்த மனிதர்கள் போனபின் தளர்வது இயல்பு. 1997இல் ஒஸ்ரினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் விஞ்ஞானக் கல்லூரியும் கல்வியியல் கல்லூரியும் சேர்ந்து ஆசிரியர்களை உருவாக்கும் யூ-ரீச் என்ற திட்டத்தைத் தொடங்கியது. முதல் வருடத்திலேயே விஞ்ஞான மாணவர்களை வகுப்பறைக்கு அனுப்பும் திட்டம் அது, பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது. எங்கட பார்வையில், பேர்க்லிக்காரருக்குக் கிடைக்காத நிரந்தர அமைப்பு அதற்குக் கிடைத்தது.

இனி எங்கட பக்கம். இங்கே விஞ்ஞானப் பட்டதாரி பெரும்பாலும் மூன்று நான்கு வருடம் விஞ்ஞானபீடத்தில் படித்து, ஆசிரியர் நியமனம் பெற்று, வகுப்பில் போய் நின்ற பிறகுதான் பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்கிறார். பௌதிகவியலை ஒரு கட்டடத்தில் படித்தவர், பிள்ளையைப் பற்றி இன்னொரு கட்டடத்தில், வருடங்கள் கழித்துப் படிக்கிறார். உட்படுத்தல் கல்வி அந்த டிப்ளோமாவுக்குள் ஒரு பாடமாக வரும். அதைப் படிப்பிப்பவர் தராசை எப்படி மாற்றுவது என்று சொல்லமாட்டார், அது அவருடைய துறையில்லை. தராசு தெரிந்த விரிவுரையாளர் அந்த அறைக்கு வருவதேயில்லை. சட்டம் எங்களிடமும் இருக்கிறது, 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். அது வந்தபோது நாங்கள் பிறந்திருக்கவே இல்லை.

எங்களுக்குத் தோன்றுகிற சின்ன விஷயம் ஒன்று இருக்கிறது. விஞ்ஞானபீட இறுதி வருட மாணவர் ஒருவருடைய ஆய்வுச் செயற்திட்டம் ஒரு தொடுகைத் தராசாகவோ பேசும் வெப்பமானியாகவோ இருக்கலாம். கல்வியியல் படிக்கிற ஒருவர் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளோடு சோதித்துப் பார்த்துத் தன்னுடைய ஆய்வை எழுதலாம். இரண்டு மேற்பார்வையாளர்கள், ஒரு கருவி. பெரிய நிதி தேவையில்லை, சிரிஞ்சை மருந்துக்கடையில் வாங்கலாம். கடினமான பகுதி இரண்டு பீடாதிபதிகளிடம் கையெழுத்து வாங்குவது.

ஏற்கனவே யாராவது இப்படிச் செய்துகொண்டும் இருக்கலாம். பார்வையற்ற, செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சர்மார், அப்படிப் படித்த மாணவர்கள் இதை வாசித்தால் எங்களுக்கு எழுதுங்கோ. எந்தச் செய்முறையை எப்படி மாற்றிச் செய்தீர்கள், எது சரிவரவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கோ. அடுத்த கட்டுரையை அந்தக் கடிதங்களிலிருந்து தொடங்க விருப்பம்.